கையை விட்டது நான்தான்

ஜெயந்தி கண்ணு,

அம்மா கடிதம் எழுதுகிறாளே, என்ன ஆச்சோ என்று பதறாதே. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கம்மியாகி, ஜாங்கிரி கேட்கிற அளவுக்குத் தைரியம் வந்திருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை போனை எடுத்து, பேசாமல் வைத்துவிட்டேன். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு கேள்வி கேட்பாய், நடுவில் நிலா வந்து தோசை கேட்பாள், அந்தச் சாக்கில் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அப்படி மாற்றி மாற்றித்தான் இருபத்தொன்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். அதனால் பால்வாடியில் குழந்தைகளின் எடை எழுதிய பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு, காலைச் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நான் வழக்கம்போல, "தீபத்துக்கு வரீங்கல்ல? நிலாவுக்குப் பாவாடை தைக்கக் குடுத்திருக்கேன்" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "வரலைம்மா. நிலாவுக்கு இப்ப நாலு வயசு. தம்பி அருணுக்கு அப்ப அதே வயசுதான். நான் ஏற்கெனவே ஒருத்தனைத் தொலைச்சவம்மா. அந்தக் கூட்டத்துல என்னை நம்பி என் கொழந்தையை நானே குடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தாய். நான், "சரிம்மா, அடுப்புல பால் பொங்குது, வெச்சுடறேன்" என்றேன். அடுப்பில் பாலே இல்லை.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் வேங்கிக்காலில் நம் தெருப் பெண்கள் எல்லாம் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டோவைத்தான் நீ, 'எங்க அம்மா' என்று போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தாய். மைக்கில் பேசிய பெண் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கடலைக் கொல்லையில் வேலை செய்த பெண் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள், பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள், பால்வாடி டீச்சராகி ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள், பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றினாள், தீபத்துக்குத் தீபம் கூட்டத்தில் தொலைந்துபோனவர்களை உட்காரவைத்துச் சோறு போட்டு வீட்டாரிடம் சேர்த்தாள். எல்லாம் நிஜம். "இவங்க மாதிரி ஒரு தாய் கெடைக்க அந்தப் புள்ளைங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று அவள் முடித்தபோது மட்டும் பொன்னாடை கழுத்தில் குத்தியது. மட்டமான ஜரிகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நீ பேசிய பிறகுதான், குத்தியது ஜரிகை இல்லை என்று தெரிந்தது.

அந்தத் தீபத்தன்று நடந்ததில் நீ எதை நினைவு வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். அப்பாவுக்கு அன்று ஸ்பெஷல் பஸ்ஸில் டியூட்டி. நாம் மூன்று பேர் மட்டும்தான் தேரடி வீதிக்குப் போனோம். உனக்கு ஒன்பது வயது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் நம் மூன்று பேர் செருப்பும் போட்ட பை. இதை நன்றாகக் கேட்டுக்கொள் ஜெயந்தி. உன் இரண்டு கையிலும் சாமான் இருந்தது. அருண் உன் கையில் இல்லை. அவன் என் வலது கையில் இருந்தான். மணி ஆறாகப் போகிறது. அவ்வளவு ஜனமும் மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உச்சியில் நெருப்பு தெரிந்ததும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரு சத்தம் எழுந்தது பார், அந்தச் சத்தத்தில் நான் யாருக்கு மனைவி, யாருக்கு அம்மா என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அப்படி ஓர் ஆனந்தம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. "அம்மா, தம்பி எங்கம்மா?" என்று நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தபோதுதான் கையை இறக்கினேன். அவன் இல்லை என்பதை முதலில் பார்த்ததே நீதான்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நாம் ஓடிய ஓட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஜனம் ஒரு பக்கம் தள்ள, நாம் ஒரு பக்கம் போக, நீ அழுதுகொண்டே அத்தனை பேர் காலுக்கு நடுவிலும் குனிந்து குனிந்து தேடினாய். செருப்புப் பையை மட்டும் கீழே போடவில்லை. கடைசியில் ஒரு பொரிக்கடை ஓரத்தில், பொரி மூட்டையின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து, வாய் நிறையப் பொரி உருண்டையோடு அவன் எதிரே நின்றவர்களிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான்: "எங்க அம்மாவும் அக்காவும் தொலைஞ்சு போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன்." அழுதுகொண்டிருந்த நீ அதைக் கேட்டுப் பொங்கிச் சிரித்துவிட்டாய். நானும் சிரித்தேன். அழுகையும் சிரிப்பும் ஒரே தொண்டையில் வந்தது அன்றைக்குத்தான்.

பொரிக்காரம்மா கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா நீ, இந்தாண்டயும் அந்தாண்டயும் நாலு தரம் ஓடுற. கூப்ட்டுக் கூப்ட்டு என் தொண்டையே போச்சு. தேடுறவளும் ஓடி, தொலைஞ்சதும் ஓடினா எப்படி சேருவீங்க? ஒருத்தராவது ஒரு எடத்துல குந்தணும். அதான் புள்ளைய அலைய வுடாம குந்த வெச்சேன்" என்றாள். அந்த வார்த்தைதான் பிறகு என் வாழ்க்கையின் பாதியை நடத்தியது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் மறுநாள் காலையைச் சொல்ல வேண்டும். எழுதக் கஷ்டமான இடம் அதுதான்.

தீபத்துக்கு வந்திருந்த உன் அத்தை, அப்பா டியூட்டி முடிந்து வீட்டுக்குள் காலை வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார். "பெத்தவளுக்குப் புள்ள மேல கண்ணு வேணாமா? சாமின்னா எல்லாத்தையும் மறந்துடுவாளா?" அப்பா என்னைப் பார்த்தார். இனிமேல் கோயிலும் வேண்டாம், மலை சுற்றுவதும் வேண்டாம், வீட்டோடு இரு என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். "நான் ஜெயந்தி கையிலதான் புடிச்சுக் குடுத்தேன். அவதான் வுட்டுட்டா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அப்பா, "அப்டியாம்மா?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு, "ஆமாம்ப்பா" என்றாய்.

எனக்காகச் சொன்னாயா, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிச் சொன்னாயா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அப்பா உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். நீ அவருடைய காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொடுக்கப் போய் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாய். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டவள் நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாள் போகப் போக அது வீட்டுக் கதையாகிவிட்டது. 'ஜெயந்தி தம்பியைத் தொலைச்ச கதை' என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிற கதை. எல்லாரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய். நீயே சிரிக்கிறாயே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த வருஷத் தீபத்துக்கு நான், பால்வாடி ஆயா சரோஜா, கன்னியம்மா மூன்று பேரும் பொரிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஜமக்காளம் விரித்து, ஒரு குடம் தண்ணீரும் ஒரு தூக்கு எலுமிச்சைச் சாதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அட்டையில் 'தொலைந்தவர்கள் இங்கே உட்காரவும்' என்று பால்வாடி எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தேன். முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு சாமியார். "நானும் தொலைஞ்சவன்தாம்மா" என்று சொல்லி இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, யாரும் தேடி வருவதற்குள் எழுந்து போய்விட்டார். சரோஜாவுக்கு ஒரே கோபம். நானும் கன்னியம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து அனுப்பினோம். ஒவ்வொரு குழந்தையும் அம்மாவின் இடுப்பில் போய்த் தாவும்போது என் நெஞ்சில் ஒரு முடிச்சு தளரும். ஊர் அதைச் சேவை என்றது, சாமி எனக்கு இட்ட கட்டளை என்றது. எனக்குத் தெரியும் அது எங்கே ஆரம்பித்தது என்று. ஆனாலும் ஜெயந்தி, அதில் கிடைத்த சந்தோஷம் பொய்யில்லை. பிராயச்சித்தமாகத் தொடங்கியது போகப் போக ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது.

போளூர் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாளின் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பேர் சொன்னால்தானே மைக்கில் கூப்பிட முடியும்? புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "சாமி பேருதாம்மா" என்கிறார். முருகனா? இல்லை. பெருமாளா? இல்லை. கடைசியில் கையைத் தூக்கி மலையைக் காட்டினார். சரோஜா ஓடிப்போய்ப் பக்கத்துப் பந்தல் மைக்கில், "அண்ணாமலை! அண்ணாமலை எங்கிருந்தாலும் வரவும்" என்று சொல்ல, மொத்தக் கூட்டமும் "அரோகரா!" என்று பதில் சொன்னது. மறுபடி சொன்னால் மறுபடி அரோகரா. மூன்றாவது முறைக்குப் பிறகு அந்தப் பெரியவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். "நானும் ரெண்டு தரம் அரோகரா போட்டேன்மா. அப்புறந்தான் அது நம்ம பேராச்சேன்னு தோணுச்சு" என்றார். அந்த அம்மாள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பை, அங்கே இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். இப்போது பந்தல், நாற்காலி, தனி மைக், முப்பது நாற்பது பெண்கள் என்று பெரிதாகிவிட்டது. தெலுங்கு பேசுகிறவர்கள் ஜாஸ்தி வருகிறார்கள் என்று சரோஜா தெலுங்கே கற்றுக்கொண்டாள். அவள் தெலுங்கைக் கேட்டு, தொலைந்த துக்கத்தையும் மறந்து அவர்கள் சிரிக்கிறார்கள்.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நீ மட்டும் வந்ததே இல்லை. பரீட்சை என்பாய், தலைவலி என்பாய், வீட்டில் இருந்து சமைக்கிறேன் என்பாய். பெரிய பெண்ணான பிறகு ஒரு தீபத்தன்று நான் பொறுமை இழந்து, "உனக்குப் பக்தியே கெடையாதுடி, எனக்குப் போய் இப்படி ஒரு பொண்ணு" என்று கத்தினேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். அருண் எட்டாவது படிக்கும்போதும் ரோட்டைத் தாண்ட அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போவாய். அவன் கூசிப்போய் உதறுவான், நீ விடமாட்டாய். நாங்கள் உன்னைப் போலீஸ் என்று கிண்டல் செய்தோம். பஸ்ஸில் ஏறினால் எல்லாரையும் மூன்று முறை எண்ணுவாய். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்துகொண்டு, "அருண் எங்கே, அருண் எங்கே" என்று கேட்டாயே, மாப்பிள்ளை வீட்டார் கூடச் சிரித்தார்கள். ஊரில் தொலைந்தவர்களின் முகத்தைப் பார்த்தே பயத்தைக் கண்டுபிடிக்கிறவள் நான். என் வீட்டுக்குள் இருந்த முகத்தைப் படிக்கவில்லை. படித்திருந்தால் நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் படிக்கவில்லை. அதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருண் சாப்பிட வந்திருந்தான். அவனுக்கும் அப்பாவுக்கும் பரிமாறிவிட்டு, நான் நின்றபடியே சொன்னேன். "ஜெயந்தி அருணை வுடலை. நான்தான் வுட்டேன். சாமி கும்புடுற ஜோர்ல வுட்டுட்டு, பழியை அவ மேல போட்டேன்." அருண் வாயில் வைத்த சோற்றோடு என்னைப் பார்த்தான். "அப்போ அக்கா என்னைத் தொலைக்கவே இல்லியா? அதைச் சொல்லிச் சொல்லித்தானேம்மா அவ பங்கு போண்டாவையெல்லாம் நான் தின்னேன்!" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு உடனே கண் கலங்கிவிட்டது. "காலேஜ்ல சேக்க வந்தப்பகூட என் சட்டையைப் புடிச்சுக்கிட்டே நின்னாம்மா" என்றான்.

அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். "ரெண்டு நாள் அந்தப் பொண்ணு கூட நான் பேசலடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அன்று உனக்குப் போன் செய்து, "சாப்ட்டியாம்மா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு வைத்தாரே, எதற்கு என்று நீ என்னிடம் கேட்டாயே, இதற்குத்தான். அவருக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கீழே வந்து என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை காபியைக் கையில் கொடுத்ததும், "மொதல்லயே சொல்லியிருந்தா நான் உன்னை மலையைச் சுத்த வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று கேட்டார். சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்த பிறகு தெரிகிறது. அன்று தெரியவில்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யோசித்தேன். இந்த ஒன்றில் எனக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி, அதனால் சொல்கிறேன். நிலா விஷயத்தில் நீயும் ஒரு நாள் தப்பு செய்வாய். செய்யாத தாய் இல்லை. அன்றைக்கே, அவள் தூங்கப் போவதற்குள், "அம்மா பண்ணது தப்பு" என்று அவளிடம் சொல்லிவிடு. குழந்தை உடனே மன்னித்துவிடும், அடுத்து விளையாடப் போய்விடும். தள்ளிப் போட்டால் அது குழந்தைக்குள் வேறொன்றாக வளர்ந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். நீ பயந்தவள் இல்லை. ஒன்பது வயதில், அம்மா பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லாமல் நின்றாய். அவ்வளவு தைரியம் எனக்கு இந்த வயதில்தான் வந்திருக்கிறது. தம்பியை முதலில் தேடியவளும் நீதான், அழுதுகொண்டே செருப்புப் பையைப் பத்திரமாகக் கொண்டு வந்தவளும் நீதான். உன்னை நம்பி எந்தக் குழந்தையையும் எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பலாம்.

நேற்றுக் காலை பந்தல் வேலை பேசப் பெண்கள் எல்லாரும் கூடினோம். அங்கேயும் சொல்லிவிட்டேன். பொன்னாடை போர்த்திய பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சரோஜா மூக்கைச் சிந்தினாள். கன்னியம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும், முட்டி வலியோடு இன்னமும் வருகிறாள். அவள்தான் பேசினாள். "ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் தேடிச் சேத்து வுட்ட. உன் புள்ள ஒண்ணு இத்தினி வருசமா தனியா குந்திக்கினு இருக்குது. நீ இங்க இன்னா பண்ற? போய்க் கூட்டிக்க. பந்தலை நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

அதனால் இந்த வருஷம் தீபத்தன்று நான் ஊரில் இருக்க மாட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் முதல் முறை. அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு அவருக்குக் கூட்டம் ஜாஸ்தி, ஒருத்தி கம்மியானது தெரியாது. முதல் நாள் காலை பஸ்ஸில் நானும் அப்பாவும் ஓசூருக்குக் கிளம்புகிறோம். ஊரே திருவண்ணாமலைக்கு உள்ளே வரும்போது நாங்கள் வெளியே போகிறோம், சீட்டுக்குச் சண்டையே இருக்காது. அப்பா டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்காருவேன் என்கிறார். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும், வேறு யார் ஓட்டினாலும் வழியெல்லாம் இவர் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வருவார். ஊத்தங்கரை தாண்டுவதற்குள் அவருக்கு முழங்கால் வலித்துவிடும். தைலம் எடுத்து வை.

உன் வீட்டு பால்கனியிலேயே விளக்கு வைக்கலாம். நீயும் நானும் நிலாவும் சேர்ந்து அடை சுடலாம். அடுத்த வருஷம் நீ இங்கே வருகிறாயா இல்லையா என்பதை நீ முடிவு செய், நான் கேட்க மாட்டேன். என்னை மன்னித்துவிட்டாயா என்றும் போனில் சொல்லாதே. நாங்கள் வந்து கதவைத் தட்டியதும் அப்பாவையும் பைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, நீ மட்டும் வாசலில் என்னோடு நில். திட்ட வேண்டும் என்று தோன்றினால் நன்றாகத் திட்டு. ஒன்பது வயதிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் திட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டாலும் பரவாயில்லை, முழுவதையும் நின்று கேட்கத்தான் வருகிறேன். திட்டி முடித்த பிறகு காபி போடு. சர்க்கரை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அம்மா